நீரும் அண்டை வீடும்



ஒகேனக்கல் என்பதற்குக் கன்னடத்தில் புகையும் பாறை என்பது பொருள். காவிரி பாறையில் மோதிச் சிதறும் திவலையே அப்புகை. பரிசலேறி அருவி கண்டு மகிழ்வோர் பலர் அறியாதது, அதனைச் சூழ்ந்த ஊர்களின் துயரம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் அளவைக் கடந்த நீரை ஆண்டுக்கணக்கில் பருகினால் சிறார் பல்லில் பழுப்புக்கறை படியும். நாளடைவில் மூட்டுகள் இறுகும். துணியில் வடித்தும் காய்ச்சியும் பருகுவது சமண இல்லங்களின் மரபு. புளூரைடோ அவ்விரண்டினாலும் நீங்குவதன்று.

அதனால் காவிரியில் 1.4 டி.எம்.சி. நீரெடுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாயிற்று. 1998இல் கர்நாடகம் தடையில்லை என்றது. ஆயினும் 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்றதும் எல்லைக்கு அப்பால் கிளர்ச்சி மூண்டது, பேருந்துகள் நின்றன. அங்குப் புதிய அரசு அமையும்வரை பணியை நிறுத்திவைப்பதாக ஏப்ரலில் முதலமைச்சர் கருணாநிதி அறிவித்தார். ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறி, 2013 மே மாதத்தில்தான் அது தொடங்கிவைக்கப்பெற்றது. இசைவுத்தாள் கையிலிருந்தது, நியாயமும் இருந்தது. அண்டையாரின் அச்சம் மட்டும் தீர்க்கப்படாது கிடந்தது.

குடிநீர்க்கே இந்நிலை எனின், ஆதாயம் கருதி நீரெடுக்கும் ஆலைக்கு எந்நிலை? பாலக்காட்டு மாவட்டத்துப் பிளாச்சிமடையில் 2000இல் கோகோ கோலா ஆலை எழுந்தது. சில காலத்திலேயே சுற்றுக்கிணறுகளின் நீர் வாய்க்கு உதவாததாயிற்று என்று மக்கள் முறையிட்டனர். மயிலம்மா என்னும் பழங்குடிப் பெண்மணி முன்னின்றார். பெருமாட்டி ஊராட்சி 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. வழக்கறிஞர்க்கு அளித்த பொருளில் ஒரு சிறு பகுதியைத் தொடக்கத்திலேயே கிணறுகளை அளந்து காட்டுவதில் செலவிட்டிருக்கலாம்.

இது தொலைவிலுள்ள பெருநிறுவனத்தின் கதை மட்டுமன்று. ஆரணி, களம்பூர்ப் பகுதிகளில் நெல் புழுக்கும் ஆலைகள் பல. ஊறவைத்த நீர் தேங்கினால் புளித்து நாறும். அந்நாற்றம் முதலில் எட்டுவது அடுத்த வீட்டுத் திண்ணையை. ஆழ்துளைக் கிணறு இறக்குமுன் அண்டைக் கிணறுகளின் நீர்மட்டத்தை உடையவர் முன்னிலையில் அளந்து எழுதிவைத்தல், நாள்தோறும் எடுக்கும் நீரின் அளவை வாயிலில் பலகையில் காட்டுதல், கழிவுநீரைத் தூய்மை செய்யும் இடத்தை ஊரார்க்குத் திறந்துவிடுதல் ஆகியவை பெருஞ்செலவுடையன அல்ல. கோடையில் ஊர்க்கிணறு வற்றுங்கால் ஆலையின் மோட்டார் ஓடும் நேரத்தையும் குறைத்தாக வேண்டும். கடினமானது இதுவே, நவரை நெல் வந்து குவியும் பருவமும் அதுதான்.