சோத்தைக் குறைச்ச கதை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். போன குழுக் கூட்டத்துல கேசரியும் போண்டாவும் குடுத்தாங்க, நான் தொடலை. "என்ன விரதமா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. "ஏதாச்சும் விசேஷமா?"ன்னு இன்னொருத்தர் கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க. அதெல்லாம் இல்லைங்க, வீட்டுல சோத்தைக் குறைச்சுட்டு முட்டை, தேங்காய், வெண்ணெய், கீரைன்னு மாத்திச் சாப்பிடறோம்னு சொன்னேன். அதையே விழாவுல பேசிருன்னு தலைவி அக்கா சொல்லிட்டாங்க. நான் டாக்டர் இல்லை. என் அடுப்படியில நடந்ததைத்தான் சொல்லப் போறேன். நான் செஞ்ச தப்பையும் சேர்த்துச் சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனியில பவர் டேபிள் டெய்லர். காலையில மிஷின்ல உக்காந்தா ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரிதான் எந்திரிப்பார். காலையில ஆறு இட்லி. டீ டைமுக்கு சர்க்கரை போட்ட டீயும் பன்னும். மத்தியானம் டிபன் பாக்ஸ் நிறைய சோறு. சாயங்காலம் மறுபடி டீ, பஜ்ஜி. ராத்திரி வந்து மறுபடி சோறு. உக்காந்த இடத்துலயே வேலை. 40 வயசு தாண்டினதும் சர்க்கரைன்னு சொல்லிட்டாங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க இல்லைங்களா, அதுக்கப்புறம் மாத்திரையும் வீட்டுக்கே வந்துச்சு. மாத்திரைதான் வருதேன்னு சாப்பாட்டை நாங்க மாத்தவே இல்லை. மூணு மாசச் சராசரி பார்க்கற டெஸ்ட்ல 9.4 வந்துச்சு. 7-க்குள்ள இருக்கணும்னாங்க. பாதம் ரெண்டும் மதமதன்னு இருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சப்பதான் எனக்கு பயம் வந்துச்சு. கால்ல இருக்கற மிதியை உணர முடியலைன்னா அவர் தொழிலே போச்சுங்களே.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட ஆய்வு ஒண்ணு 2023-ல வந்துச்சு. நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை இருக்குன்னு அதுல சொன்னாங்க. அதே ஆய்வுல இருந்து 2025-ல வந்த கணக்குப்படி, நாம சாப்பிடற சக்தியில 100-க்கு 62 பங்கு மாவுச்சத்துல இருந்துதான் வருது. நம்ம தட்டைப் பார்த்தாலே இது தெரியும். பெரிய மேடா சோறு, ஓரத்துல பொரியல் ஒரு கரண்டி.

எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா பையன் நியாண்டர் செல்வன் எழுதின 'பேலியோ டயட்' புத்தகத்தைக் கொண்டு வந்து குடுத்தார். அரிசி, கோதுமை, சர்க்கரையை விட்டுட்டு முட்டை, கறி, வெண்ணெய், பாதாம், காய்கறின்னு சாப்பிடற முறை அது. இது புதுசும் இல்லையாம். 1863-லயே லண்டன்ல வில்லியம் பான்டிங்னு ஒரு குண்டு மனுசர், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை எல்லாம் விட்டு எடை குறைஞ்சு, அதைப் புத்தகமாவே போட்டிருக்கார். 1921-ல இருந்து அமெரிக்காவுல வலிப்பு வர்ற குழந்தைகளுக்கு கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைச்ச சாப்பாடு குடுத்திருக்காங்க. கீட்டோன்னு இப்ப சொல்றது அதைத்தான். சோறு வயித்துக்குள்ள போய் சர்க்கரையா மாறுது, கொழுப்பு அப்படி மாறறதில்லை. விஷயம் அவ்வளவுதான்.

படிச்சதும் எனக்கு வேகம் வந்துருச்சு. ஒரு திங்கக்கிழமை காலையில இருந்து இட்லி கிடையாது, சோறு கிடையாதுன்னு நிறுத்திட்டேன். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. பழைய மாத்திரையை மட்டும் அதே அளவுல, அதே நேரத்துக்கு நானே எடுத்துக் குடுத்தேன். நாலாவது நாள், வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு கம்பெனியில இருந்து போன். மிஷின்ல உக்காந்திருந்தவருக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தைக்கற துணியே ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சிருக்கு. பக்கத்து மிஷின் தம்பி விவரமானவர், உடனே சர்க்கரையை வாயில போட்டுத் தண்ணி குடுத்திருக்கார். அதுக்கப்புறம் கிளினிக்ல குத்திப் பார்த்தப்பவே 62-தான் இருந்திருக்கு. ஊசி விரல்ல இறங்கியிருந்தா? பஸ்ஸுல வரும்போது வந்திருந்தா? அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலைங்க.

டாக்டர் என்னைத்தான் திட்டினார். "மாத்திரை நீ போடற சோத்துக்குத் தகுந்த மாதிரி எழுதினது. சோத்தை எடுத்துட்டு மாத்திரையை அப்படியே குடுத்தா சர்க்கரை எங்கம்மா போகும்?"னு கேட்டார். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகளும் இன்சுலினும், நாம சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் சர்க்கரையை இறக்குமாம். மெட்ஃபார்மின் மட்டும் தனியா எடுத்தா அப்படி ஆகறது அபூர்வம்னு சொன்னார். டாபாகிளிஃபுளோசின்னு சர்க்கரையை மூத்திரத்துல வெளியேத்தற மாத்திரை இருக்கு, அதைச் சாப்பிடறவங்க சோத்தை ஒரேயடியா நிறுத்தினா ரத்தத்துல வேற விதமான ஆபத்து வருமாம். கிட்னி கோளாறு இருக்கறவங்க, மாசமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க தானா இதை ஆரம்பிக்கவே கூடாதுன்னார். அவருக்கு ஒரு மாத்திரையைப் பாதியாக்கி, வாரம் வாரம் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார். சோத்தையும் சுத்தமா நிறுத்த வேண்டாம், நாலுல ஒரு பங்காக்குன்னு சொன்னார். அப்புறம்தான் ஒழுங்கா ஆரம்பிச்சோம்.

அடுத்து காசு விஷயம். அந்த முறையில ஒரு வேளைக்கு 100 பாதாம்னு சொல்வாங்க. எடை போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட 120 கிராம் வருது. கிலோ 800 ரூபாய்னு வெச்சாலும் ஒரு நாளைக்கு 100 ரூபாய். ரேஷன் அரிசி சும்மா வர்ற வீட்டுல இது நடக்கற காரியமா? அதனால பாதாமுக்கு பதிலா ஒரு கைப்பிடி வேகவெச்ச நிலக்கடலை. பயறு வகைன்னு சொல்லி பேலியோவுல நிலக்கடலையைச் சேர்க்க மாட்டாங்க. நான் சேர்த்துக்கிட்டேன். நம்ம காட்டுல விளையறது, எனக்குக் கட்டுப்படியாகறது அதுதான். தேங்காய் வீட்டு மரத்துல இருக்கு. முட்டை நாமக்கல்ல இருந்து வருது, இங்க எப்பவும் கிடைக்கும். வெண்ணெய்க்கு நாம எங்கயும் போக வேண்டியதில்லை. ஊத்துக்குளி வெண்ணெய்னு ஊரெல்லாம் பேர் வாங்கினது நம்ம பக்கம். ஆனா பாலை முழுசும் சொசைட்டிக்கு ஊத்திட்டு நாம தண்ணி டீ குடிப்போம். இப்ப எருமைப்பால் ஒரு லிட்டரை ஊத்தாம வெச்சு, தயிராக்கிக் கடைஞ்சுக்கறேன். அந்த லிட்டருக்கு காசு குறையுதுதான். மாசம் வாங்கற பன்னும் பஜ்ஜியும் குறைஞ்சதுல அது ஓரளவு சரியாப் போச்சு.

தனித்தனியா சமைக்க யாரால முடியும்? அடுப்பு ஒண்ணுதான். பசங்களுக்கு சோறு, அவருக்கும் அதே கீரை கடைசல், அதே முட்டைகோஸ் பொரியல், ஆனா தட்டுல பங்கு மாறும். முன்ன சோறு மூணு பங்கு, பொரியல் ஒரு பங்கு. இப்ப அவருக்குப் பொரியல் மூணு பங்கு, சோறு ஒரு கரண்டி. பொரியல்ல தேங்காய்த் துருவல் கைநிறைய, கீரையில ஒரு உருண்டை வெண்ணெய். காலையில ரெண்டு முட்டை, சின்ன வெங்காயம் போட்டு நெய்யில. ஞாயித்துக்கிழமை பள்ளிபாளையம் சிக்கன். கோழி, தேங்காய்ப் பத்தை, சின்ன வெங்காயம், வரமிளகாய், அதுல மாவே இல்லை பாருங்க. நம்ம பக்கத்து சமையல்ல ஒண்ணையும் மாத்த வேண்டியதில்லை, கூட சோறு போடாம இருந்தாப் போதும். அமாவாசை, புரட்டாசி சனிக்கிழமைன்னா பாலை எலுமிச்சை விட்டுத் திரிச்சு பன்னீர் ஆக்கிடுவேன். காலிஃப்ளவரைத் துருவி சோறு மாதிரி செஞ்சு பார்த்தேன். "இதென்ன, மாட்டுக்கு வெக்கறதா?"ன்னு கேட்டுட்டார். அதோட விட்டுட்டேன்.

கம்பெனி டீதான் பெரிய தொல்லை. கேன்லயே சர்க்கரை கலந்துதான் வரும். அதுக்கு உப்பு போட்ட மோர் பாட்டில்ல குடுத்து விடறேன். முதல் வாரம் தலைவலியும் மலச்சிக்கலும் இருந்துச்சு, மோரும் கீரையும் கூட்டினதும் போச்சு.

குத்திப் பார்க்கற மிஷின் வாங்கினதுல நிறைய தெரிஞ்சது. அஞ்சு இட்லி சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா 268. ஆம்லெட், தேங்காய்ச் சட்னியோட பார்த்தா 150. சோத்துக்கு பதிலா ராகிக்களி நல்லதுன்னு என் மாமியார் சொன்னாங்க. ரெண்டு உருண்டை களிக்கு 240 வந்துச்சு. "என்ன அத்தை, களியும் ஏமாத்திருச்சே"ன்னேன். "அந்தக் காலத்துல களி தின்னுட்டு ஏத்தம் இறைச்சோம், உம்புருசன் உக்காந்துல்ல இருக்கான்"னாங்க. அவங்க சொன்னது நியாயம்தான். ராகியில நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் இருக்கு, நல்ல தானியம்தான். ஆனா 100 கிராம் அரிசியில மாவுச்சத்து 78 கிராம்னா ராகியிலயும் 70 கிராம் பக்கம் இருக்கு. ராத்திரி சப்பாத்திக்கு மாறினவங்களுக்கும் இதே கணக்குதான். கோதுமையும் மாவுதான், எத்தனை சப்பாத்திங்கறதைப் பொறுத்தது. முட்டையில ஒரு கிராம்கூட இல்லை.

ஆறு மாசத்துல 9.4 இருந்தது 7.1 ஆச்சு. எடை 78 கிலோவுல இருந்து 71. முழுசா குணமாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன், பொங்கலுக்கு ரெண்டு ஒப்புட்டு தின்னு மறுபடி 260 ஏத்திக்கிட்டார். கொழுப்பு டெஸ்ட்ல ஒரு வகை இறங்கிச்சு, கெட்ட கொழுப்புங்கறது கொஞ்சம் ஏறியிருந்துச்சு. டாக்டர் வெண்ணெயைப் பாதியாக்கி கடலையும் மீனும் சேர்க்கச் சொன்னார். கொழுப்பைக் கூட்டறவங்க அந்த டெஸ்ட்டையும் கண்டிப்பா பார்க்கணும்.

இன்னொண்ணு இருக்குங்க. இதைச் சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். அவர் சோத்தைக் குறைச்சார் இல்லைங்களா, பழக்கத்துல நான் உலையில போடற அரிசி குறையலை. மீந்த சோறு எங்க போச்சு? எனக்குள்ளதான் போச்சு. முட்டை அவருக்கு, பசங்களுக்கு. கறி அவங்களுக்கு, குழம்பும் மீந்த சோறும் எனக்கு. எனக்கு ரெண்டாவது பிரசவத்துல சர்க்கரை வந்து போயிருக்கு, அப்படி வந்தவங்களுக்குப் பின்னாடி வர வாய்ப்பு அதிகம்னு அப்பவே சொல்லி அனுப்பினாங்க. முகாம்ல வெறும் வயித்துல பார்த்தப்ப எனக்கு 118. 100 தாண்டினா எல்லைக்கோடு, 126-ல சர்க்கரை நோய். வீட்டுக்காரருக்காக ஆறு மாசம் தராசு பிடிச்ச நான் என் தட்டைப் பார்க்கவே இல்லை.

அன்னைக்கே அரிசி அளக்கற டம்ளரை மாத்தினேன். முட்டை ஆறு வாங்கினா அதுல எனக்கு ரெண்டு, முதல்லயே எடுத்து வெச்சுருவேன். எங்க வீட்டுல இதுக்கு ஒரு முணுமுணுப்பு வந்துச்சு, யார் முணுமுணுத்தாங்கன்னு மேடையில சொல்ல மாட்டேன். இப்ப எனக்கு 104. இங்க உக்காந்திருக்கறதுல பாதிப் பேர் கடைசியில சட்டி வழிச்சுத் தின்னுட்டுத்தான் எந்திரிக்கறோம்னு எனக்குத் தெரியும்.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. குழுவுக்கு ஒரு சர்க்கரை மிஷின் பொதுப் பணத்துல வாங்கலாம். பட்டைக்கு ஆகற காசை அவங்கவங்க குடுத்துக்கலாம். பார்த்ததை ஒரு நோட்டுல எழுதி வெச்சு டாக்டர்கிட்ட காட்டினா அவரும் மாத்திரையைச் சரியா எழுதுவார். அடுத்த மாசக் கூட்டம் எங்க வீட்டுல. வேகவெச்ச கடலையும் மோரும்தான் வெப்பேன். கேசரிதான் வேணும்கறவங்க இப்பவே கை தூக்கிருங்க, கணக்குப் பண்ணி ரவை வாங்கணும்.