ஸ்டியரிங் கழன்றால் யார் பொறுப்பு?

(முத்தியால்பேட்டை மணிக்கூண்டு அருகே சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



போன மழைக்காலத்தில் கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு என் பழைய மினி லாரியில் முத்தியால்பேட்டைக்கு வந்தேன். ஒரு பள்ளத்தில் இறங்கியதும் 'டக்'குன்னு சத்தம். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பறேன், சக்கரம் அந்தப் பக்கம் போவுது! மெதுவாக வந்ததால் மண்மேட்டில் முட்டி நின்றது. பின்னால் மூட்டைமேல் நாலு பெண்கள். பிழைத்தது அவர்கள் செய்த புண்ணியம்.

மெக்கானிக் காட்டினார்: சக்கரத்தைத் திருப்புகிற டை ராடு முனையில் பால் ஜாயிண்ட் கழன்றிருந்தது. அதன் ரப்பர் உறை கிழிந்தால் சேறு புகும், கிரீஸ் போகும், குண்டு தேயும். கடைசியில் ஒரு பள்ளம் கழற்றிவிடும். திடீர்னு உடைஞ்சதுன்னு சொல்றோம். அது பல மாதமாய் ஆடிக்கொண்டுதான் இருந்தது, நாமதான் குனிஞ்சு பார்க்கலை.

15 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்றுக் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் 1 முதல் பல மடங்கு ஏற்றியது. விளைச்சலுக்கு விலை இல்லாதவன் புது வண்டிக்கு எங்கே போவான்? கட்டணம் வாங்குகிறவர்கள் விளக்கையும் ஹாரனையும் பார்த்தால் போதாது, அடியில் இறங்கிப் பார்க்கணும். சாலைப் பள்ளங்களை உடனே மூடணும். இதுவே நம் கோரிக்கை.

நாமும் ஒன்று செய்வோம். ஜாக்கி போட்டு முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஸ்பிரிங் பட்டையில் விரிசல், யூ போல்ட்டில் தளர்வு இருக்கிறதா பாருங்கள். சரக்கு வண்டியில் ஆளை ஏற்றாதீர்கள், நம் போராட்டத்துக்கு வரும்போதும்தான்!

உரிமைக்குக் குரல் கொடுப்போம்! உயிரைக் காப்போம்!