பேரனின் கால்குலேட்டரும் என் லாக் டேபிளும்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆன்மீகம் பேசுவேன் என்று எண்ணி வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இன்று ஒரு கணக்கைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

நான் 1971-ல் கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்தவன். கிளார்க்ஸ் டேபிள்தான் எங்களுக்குக் கால்குலேட்டர். பிறகு முப்பத்தேழு வருஷம் அரசாங்க ஃபைல்கள். கூட்டல், சதவீதம் தவிர வேறு கணிதம் கிடையாது.

புனேயில் என் பேரன் ஐ.பி. பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு படிக்கிறான். அங்கே வரைபடம் போடும் கால்குலேட்டர் கட்டாயம். இது ஒன்றும் புதிதல்ல. கேசியோ கம்பெனி முதன்முதலில் 1985-லேயே கொண்டுவந்துவிட்டது. அமெரிக்காவில் ஏ.பி. கால்குலஸ் தேர்வுக்கு 1995 முதல் இது வேண்டும். நம் சி.பி.எஸ்.இ. கணிதத் தேர்வில் அனுமதியில்லை, ஜே.இ.இ.யிலும் இல்லை. மாப்பிள்ளைக்கு ஜே.இ.இ. மேல் கண். "இந்தப் பெட்டியை நம்பினால் பையன் உருப்பட மாட்டான், நீங்கள் சொன்னால் கேட்பான்" என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்.

நானும் மிடுக்காக ஒரு கணக்குக் கொடுத்தேன். இரண்டின் எக்ஸ் அடுக்கும், எக்ஸின் வர்க்கமும் எப்போது சமம்? விடை இரண்டு, நான்கு என்று எனக்குத் தெரியும். அவன் இரண்டு கோடுகளையும் திரையில் வரைந்தான். "தாத்தா, ரெண்டு இடத்துல வெட்டறது. ஒண்ணு 2. இன்னொண்ணு மைனஸ் 0.767."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்ப் பக்கத்தில் ஒரு விடை இருக்கும் என்று ஐம்பது வருஷமாக நான் யோசித்ததே இல்லை! ஆனால் அவன் நான்கைக் காணவில்லை. போட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் 16. பையன் முகம் மாறிவிட்டது. போன மாதப் பரீட்சையில் இப்படித்தான் ஒரு விடையை விட்டு மார்க் போயிருக்கிறது, அப்பாவிடம் சொல்லவில்லை.

காரணம் இதுதான். திரை வழக்கமாக மேலே 10 வரைதான் காட்டும். நான்கில் கோடுகள் வெட்டுவது 16 உயரத்தில், கூரைக்கு வெளியே. உயரத்தை 20 ஆக்கியதும் மூன்றும் தெரிந்தன. எங்கே பார்ப்பது என்பதைக் கருவி தீர்மானிக்காது, நாம்தான் சொல்ல வேண்டும்.

அந்த மைனஸ் விடையை லாக் டேபிளை வைத்து, ஒரு தோராய எண்ணில் தொடங்கித் திரும்பத் திரும்பப் போட்டு நானும் வரவழைத்தேன். அரை மணி ஆயிற்று. பேரன் பக்கத்திலேயே உட்கார்ந்து, லாக் டேபிள் பார்ப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளையிடம் கால்குலேட்டர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மார்க் விஷயத்தை அவனே சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.