பாடக்குறிப்பின் முதல் வரி



கணக்குக்காகவும் வாசிப்புக்காகவும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் விரிவுரையாளர்களும் ஆய்வாளர்களுமாக நாம் பலமுறை கூடியிருக்கிறோம். தொடக்க வகுப்புச் சமூக அறிவியலுக்காக மட்டும் ஓர் அவை கூடுவது அரிது. பள்ளிகளிலும் அதே நிலைதான். பிற்பகலின் கடைசிப் பாடவேளை, வினா விடைகளைக் கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதுதல், கோடிட்ட இடத்தை நிரப்புதல் என்று அந்தப் பாடம் ஒதுங்கிக் கிடக்கிறது. ஒன்பது வயதுக் குழந்தை தன் ஊரை, தன் தெருவை, தன் பாட்டியின் காலத்தைப் புரிந்துகொள்ளத் தொடங்கும் பாடம் இப்படிக் கிடப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

இதை மாற்ற நான் முன்வைப்பது ஒரு சிறிய கோரிக்கை. நம் பாடக்குறிப்பேட்டில் முதல் வரியாகப் பாடத் தலைப்பை எழுதுகிறோம். அதன் கீழே கற்றல் விளைவு, துணைக்கருவி, மதிப்பீடு. அவையெல்லாம் இருக்கட்டும். அவற்றுக்கு முன்னால், குழந்தை நடந்தும் கேட்டும் எண்ணியும் விடை காணக்கூடிய ஒரே ஒரு கேள்வியை எழுதுவோம். மற்ற வரிகள் அந்தக் கேள்வியிலிருந்து பிறக்கட்டும்.

ஊராட்சிப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர், பதவிக்காலம் ஐந்தாண்டு என்று சொல்லி ஒப்பிக்க வைத்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். அதற்குப் பதிலாக, “நம் தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோனால் யாரிடம் சொல்ல வேண்டும்?” என்று தொடங்கிப் பாருங்கள். குழந்தைகள் மேல்நிலைத் தொட்டிவரை நடப்பார்கள். தண்ணீர் திறந்துவிடுபவரிடம் கேட்பார்கள். அவருக்குச் சம்பளம் யார் தருகிறார் என்ற கேள்வி தானாகவே வரும். அங்கே வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் பாடத்துக்குள் நுழையும். ஊராட்சித் தலைவருக்கும் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.வுக்கும் என்ன வேறுபாடு என்பது பெரியவர்களிலேயே பலருக்குத் தெளிவில்லை. முன்னவர் நாம் வாக்களித்து வருபவர். பின்னவர் மாநில அரசின் வருவாய்த் துறை ஊழியர். அதே தெருவில் அஞ்சலகம் இருந்தால் அது ஒன்றிய அரசினுடையது. ரேஷன் கடை பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம் நடத்துவது. இருநூறு மீட்டர் நடைக்குள் மூன்று அடுக்கு ஆட்சியும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஊராட்சித் தேர்தல் நடக்காத காலமென்றால் தலைவர் இடத்தில் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பார். “அவரை யார் தேர்ந்தெடுத்தார்கள்?” என்று ஒரு குழந்தை கேட்டால் அன்றைய பாடம் வென்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

நாட்காட்டியும் நமக்கு உதவும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பாடத்தை அக்டோபர் 2-க்கு முந்தைய வாரத்தில் அமைத்தால், குழந்தைகள் கண்ட குறைகளைப் பெற்றோர் சபைக்கே எடுத்துச் செல்ல வழியுண்டு.

இந்த இடத்தில்தான் உத்திரமேரூர்க் கல்வெட்டும் வர வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்வெட்டு அது. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்த குடவோலை முறையைப் பெருமையோடு சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால், அந்தக் கல்வெட்டு விதித்த தகுதிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதக் கல்வி. “உன் அம்மாவின் பெயரை அந்தக் குடத்தில் போட்டிருப்பார்களா?” என்று கேளுங்கள். இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு என்பதையும் கூடவே வைத்துப் பேசச் செய்யுங்கள். ஐந்தாம் வகுப்புக் குழந்தையால் இதை யோசிக்க முடியும். வரலாறு என்பது ஒப்பிட்டுப் பார்ப்பது என்று அப்போது அதற்குப் பிடிபடும்.

திசைகளுக்கு வருகிறேன். வரைபடத்தைச் சுவரில் மாட்டி, மேலே வடக்கு, கீழே தெற்கு என்கிறோம். குழந்தையின் மனத்தில் வடக்கு ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. வரைபடத்தைத் தரையில் விரித்து, அதன் வடக்கை ஊரின் வடக்கோடு பொருத்த வேண்டும். அதற்கு முற்றத்தில் நட்ட ஒரு குச்சியின் உச்சி நிழல் போதும். ஆனால் எச்சரிக்கை: நண்பகலில் நிழல் வடக்கே விழும் என்று நூல்களில் படித்ததை அப்படியே பாடக்குறிப்பில் எழுதிவிடாதீர்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. சென்னையிலும் கன்னியாகுமரியிலும் உச்சி நிழல் தெற்கே விழும். டிசம்பரில் வடக்கே விழும். இரு மாதங்களிலும் ஒரே இடத்தில் உச்சி நிழலின் மேல் கோடு போட்டு வைத்தால், கோடு மாறவில்லை, நிழல்தான் பக்கம் மாறியது என்பதைக் குழந்தைகளே காண்பார்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு சுண்ணாம்புக்கட்டி.

காலத்தைக் காட்டுவது இன்னும் கடினம். “ராஜராஜன் காலத்தில் தாத்தா இருந்தாரா?” என்று குழந்தை கேட்பது அறியாமை அன்று, ஆயிரம் என்ற எண்ணுக்கு அதன் மனத்தில் இன்னும் நீளம் இல்லை. ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று தாழ்வாரத்தில் கோடு இழுங்கள். குழந்தையின் வயது ஒரு விரல் நீளம். பாட்டியின் வயது ஒரு முழத்தைத் தாண்டும். 1806 வேலூர்ப் புரட்சிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்த 1010-க்குப் பத்து மீட்டர். கீழடி அகழாய்வு காட்டும் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கோடு தாழ்வாரத்தைவிட்டு இறங்கி, மைதானத்தில் இருபத்தாறு மீட்டரில் நிற்கும்.

ஈராசிரியர் பள்ளியில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். அங்குதான் ஒற்றைக் கேள்வி கைகொடுக்கும். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் சேர்ந்தே நடக்கட்டும். மூன்றாம் வகுப்பு வரையட்டும், நான்காம் வகுப்பு குறிப்பெடுக்கட்டும், ஐந்தாம் வகுப்பு அடுத்த ஊரோடு ஒப்பிடட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தெருவுக்குப் போகும் பாடம் சாதியைத் தொடாமல் போகாது. எந்தத் தெருவில் தொடங்குகிறோம், எந்தத் தெருவுக்குப் போகாமல் திரும்புகிறோம் என்பதைக் குழந்தைகள் கவனிக்கிறார்கள். ஊரிலும் காலனியிலும் ஒரே அக்கறையோடு நடக்கும்படி வழியை முன்கூட்டியே வகுக்க வேண்டும். “அப்பா என்ன வேலை செய்கிறார்?” என்று வகுப்பு நடுவே எழுப்பிக் கேட்பதையும் நான் ஏற்கமாட்டேன். அப்பா இல்லாத குழந்தை அங்கே இருக்கும். அவர் செய்யும் வேலையைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அஞ்சும் குழந்தையும் இருக்கும். “நம் ஊரில் என்னென்ன வேலைகள் நடக்கின்றன?” என்று கேட்டால் பாடம் குறையாது, எந்தக் குழந்தையும் கூனிக் குறுகாது. பாடக்குறிப்பு எழுதும்போதே யோசிக்க வேண்டியது இது. வகுப்பில் நின்றபிறகு யோசிக்க நேரமிருக்காது.

மதிப்பீடு பற்றி நான் பேசவில்லை. குழந்தை வரைந்த வழித்தடத்துக்கும் அது கேட்டு எழுதிய குறிப்புக்கும் எப்படி மதிப்பெண் இடுவது என்பது பிற்பகல் அமர்வின் பொருள். அங்கே கட்டுரை படிப்போர் ஒவ்வொருவரும் வகுப்பில் நடத்திப் பார்த்த ஒரு பாடக்குறிப்பையேனும் அவையில் வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.