செருப்பு விழுந்த மேட்ச்சும் தண்ணி வராத வாய்க்காலும்

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு: "ப்ரோ, வார்ஹேமரை ஏன் பாய்காட் பண்றாங்க?"

தெரியாதவங்களுக்காக: வார்ஹேமர் 40,000 மேசை மேல ஆடுற ஒரு போர் விளையாட்டு. சின்னச் சின்ன வீரர் பொம்மைகளை வாங்கி, நாமளே பெயிண்ட் அடிச்சு, டேப் வச்சு தூரத்தை அளந்து, பகடை உருட்டிச் சண்டை போடணும். இங்கிலாந்தோட நாட்டிங்ஹாம்ல இருக்கிற கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-லிருந்து இதை வெளியிடுது. 2024 ஏப்ரல்ல, அந்தக் கதையில வர்ற பேரரசரோட காவல் படையில பெண்களும் உண்டுன்னு காட்டினாங்க. அதுவரைக்கும் அதை ஆண்கள் மட்டும் இருக்கிற படைன்னுதான் ரசிகர்கள் படிச்சிருந்தாங்க. உடனே ஒரு கூட்டம், "விளையாட்டுக்குள்ள அரசியலைக் கொண்டு வராதீங்க, இனி வாங்க மாட்டோம்"னு கிளம்பிடுச்சு. இத்தனைக்கும் அந்த விளையாட்டே ஒரு கொடூரமான சர்வாதிகாரத்தைக் கிண்டலடிச்சுப் பிறந்தது!

இதைப் படிச்சப்போ எனக்குச் சேப்பாக்கம்தான் ஞாபகம் வந்துச்சு. ஏன்னா "விளையாட்டுல அரசியல் வேண்டாம்"ங்கிற அதே வரியை நானும் ஒருநாள் வாட்ஸ்அப்ல டைப் பண்ணியிருக்கேன். 2018 ஏப்ரல்ல.

அப்போ நான் தஞ்சாவூர்ல இன்ஜினியரிங் கடைசி வருஷம். எங்க ஊர் பாபநாசம் பக்கம். வீட்டுக்கு ஆறு மா நிலம், அதாவது ரெண்டு ஏக்கர். போர் கிடையாது, ஆத்துத் தண்ணிதான். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறக்கணும்கிறது வழக்கம். திறந்தா குறுவை உண்டு, இல்லைன்னா சம்பா மட்டும். 2012-லிருந்து ஒரு வருஷம்கூட அந்தத் தேதிக்குத் திறக்கல.

இந்த நிலைமையில 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருது. கர்நாடகா தமிழ்நாட்டுக்குக் கொடுக்க வேண்டிய 192 டிஎம்சி, 177.25 ஆகக் குறையுது. தீர்ப்பை நிறைவேத்த ஒரு அமைப்பை ஆறு வாரத்துக்குள்ள உருவாக்கணும்னு மத்திய அரசுக்குச் சொல்றாங்க. மார்ச் கடைசியில கெடு முடிஞ்சுது. அமைப்பு வரல. தமிழ்நாடு முழுக்கப் போராட்டம்.

அதே நேரத்துல சிஎஸ்கே ரெண்டு வருஷத் தடை முடிஞ்சு திரும்பி வருது. ஏப்ரல் 10, சேப்பாக்கத்துல கொல்கத்தாவோட மேட்ச். விவசாயி வயிறு எரியும்போது உங்களுக்கு ஐபிஎல் கேக்குதான்னு மேட்ச்சைப் புறக்கணிக்கச் சொல்லி அழைப்பு. பாரதிராஜா, சீமான் எல்லாம் தெருவுல இறங்கினாங்க. மேட்ச் நடந்துச்சு, ஆனா மைதானத்துக்குள்ள செருப்பு வந்து விழுந்துச்சு. வெளியே மஞ்சள் ஜெர்சி போட்ட ரசிகர்களை அடிச்சாங்க. மறுநாளே மிச்ச மேட்ச்சை எல்லாம் சென்னையிலிருந்து மாத்துறதா முடிவாகி, எல்லாம் புனேக்குப் போச்சு.

எனக்குச் செம கோபம். ஒரு மேட்ச்சாவது நேர்ல பாக்கணும்னு காசு சேர்த்து வச்சிருந்தேன். எங்க தெரு குரூப்ல அந்த வரியைப் போட்டேன். பக்கத்து வீட்டு நண்பன், சின்ன வயசுலேருந்து ஒண்ணா கிரிக்கெட் ஆடினவன், ஒரே ஒரு மெசேஜ் போட்டான்: "உங்க அப்பா வயலு காயுது, நீ விசில் போடுற." குரூப்பை விட்டுப் போயிட்டான்.

ராத்திரி அப்பாகிட்ட போய் நியாயம் கேட்டேன். "ஏம்ப்பா, மேட்ச்ச நிறுத்தினா தண்ணி வந்துருமா?"

அப்பா டிவியைப் பாத்துக்கிட்டே சொன்னார்: "வராதுடா. ஆனா ஆறு வருஷமா குறுவை இல்ல. இந்த டிவிக்காரன் ஒருத்தனாவது நம்ம வாய்க்கால காட்டுனானா? இப்பத்தான் காட்டுறான்." கொஞ்ச நேரம் கழிச்சு, "அதுக்காக டிக்கெட் எடுத்த புள்ளைய அடிக்கிறது தப்பு. அவன் என்ன அணையவா பூட்டி வச்சிருக்கான்?"

இந்த ரெண்டையும் சேர்த்துப் புரிஞ்சுக்க எனக்குப் பல வருஷம் ஆச்சு.

புறக்கணிப்புன்னா என்ன? என் கையில இருக்கிற ஒண்ணை நானே விடுறது. 2017 மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விற்க மாட்டோம்னு சொன்னாங்களே, அது அந்த வகை. லாபம் போனா அவங்களுக்குத்தான் போகும். சேப்பாக்கத்துல டிக்கெட் வச்சிருந்தவன் தானா வீட்ல இருந்திருந்தா, அது புறக்கணிப்பு. அவனை வாசல்ல நிறுத்தி ஜெர்சியைக் கிழிச்சா அதுக்குப் பேரு வேற.

இன்னொரு கேள்வியும் இருக்கு. அழுத்தம் யார்கிட்ட போய்ச் சேருது? அமைப்பை உருவாக்க வேண்டியது டெல்லி. அடி வாங்கினது சென்னை ரசிகன். மேட்ச் புனேக்குப் போனதும் கேமராவும் கூடவே போயிடுச்சு. ரசிகர்கள் புனேக்குத் தனி ரயில் ஏறினதுதான் அடுத்த செய்தி. காவிரி மேலாண்மை ஆணையத்துக்கான திட்டம் ஜூன் 1-ஆம் தேதி அரசிதழ்ல வந்துச்சு, உச்ச நீதிமன்றம் விடாம கேட்டதால.

தண்ணி? அந்த ஜூன் 12-க்கும் திறக்கல. கர்நாடகாவுல மழை கொட்டி, ஜூலை 19-ஆம் தேதி திறந்தாங்க. எங்க வீட்டுக் குறுவை போனது போனதுதான். ஆகஸ்ட்ல கொள்ளிடத்துல வெள்ளம். 22-ஆம் தேதி ராத்திரி, 1836-ல கட்டின முக்கொம்பு மேலணையில 9 மதகு அடிச்சிட்டுப் போச்சு. தண்ணி கடலுக்கு ஓடுறதை அப்பா டிவியில பாத்துக்கிட்டு இருந்தார். அதுக்காக யாரும் எந்த மேட்ச்சையும் நிறுத்தல. நானும் எதுவும் டைப் பண்ணல.

அதுதான் இன்னைக்கும் உறுத்துது. "விளையாட்டுல அரசியல் வேண்டாம்"னு நான் சொன்னப்போ, உண்மையில சொன்னது "என் மேட்ச்சைத் தொந்தரவு பண்ணாதே"ன்னுதான். வார்ஹேமர்ல ஒரு பெண் கதாபாத்திரத்தைப் பாத்துக் கொதிக்கிறவங்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்றாங்க. அவங்க அதை வாங்காம விடலாம், அது அவங்க உரிமை. வாங்கி ஆடுற இன்னொருத்தனை மேசையை விட்டு விரட்டினா, அங்கேதான் எனக்குச் செருப்பு ஞாபகம் வரும்.

போன பொங்கலுக்கு அந்த நண்பனைப் பெட்டிக்கடையில பாத்தேன். "நீ சொன்னது சரிதான்டா"ன்னேன். "நாங்க அடிச்சதும் தப்புதான்டா"ன்னான். அதுவரைக்கும் அவன் சென்னைக்குப் போனதே எனக்குத் தெரியாது.

உங்க கதையை எழுதி அனுப்புங்க: நீங்க புறக்கணிச்சது எது, அதுல நீங்க இழந்தது என்ன? அடுத்த எபிசோடுல பாப்போம்.