அரளிச் செடியில் நீலக்கண்



வாசலில் நந்தியாவட்டையோ அரளியோ வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதிதான். நேற்று தழைத்திருந்த கிளை இன்று மொட்டையாக நிற்கும். தரையில் மிளகளவு எச்சம் சிதறிக் கிடக்கும். தின்ற ஆளை மட்டும் காணோம். எச்சத்துக்கு நேர் மேலே இலைகளுக்கு அடியில் தேடுங்கள், அகப்பட்டுவிடும்.

விரல் பருமனில் பச்சைப் புழு. உடம்பில் மயிர் கிடையாது. பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு, அதையொட்டிப் பொடிப்பொடியாக வெண்புள்ளிகள். வால் பக்கம் குட்டையான மஞ்சள் கொம்பு. இவ்வளவும் இருந்தாலும், அடையாளத்தை உறுதி செய்வது முதுகின் முன்பகுதியில் உள்ள இரண்டு நீலப் பொட்டுகள்தான். கறுப்பு வளையம் போட்ட அவை கண்கள் அல்ல. சீண்டினால் புழு நிஜத் தலையைக் கீழே மடக்கி முன்னுடம்பைப் புடைக்கும். அப்போது பொட்டுகள் விழித்துப் பார்க்கும். கொத்த வரும் குருவி ஒரு கணம் தயங்கினால் போதாதா?

வயதுக்கேற்ப வேஷமும் மாறும். இளம்புழுவின் கொம்பு கறுத்து, மெலிந்து, நீண்டிருக்கும். கூட்டுப்புழுவாகும் நாள் நெருங்கினால் பச்சை போய் உடம்பு பழுப்பாகிவிடும். செடியை விட்டிறங்கிச் சருகுக்குள் புகுந்துகொள்ளும். மூன்றும் வேறுவேறு புழு என்றே பலரும் நினைக்கிறார்கள்.

அந்தக் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவருவதுதான் அரளிப் பருந்து விட்டில். 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட இனம். இன்றைய அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நேரியை. சிறகு விரித்தால் சுமார் 10 சென்டிமீட்டர். கரும்பச்சை, வெளிர்பச்சை, இளஞ்சிவப்பு எல்லாம் குழைந்த சிறகு. இரவில் விளக்கைத் தேடி வந்து சுவரில் ஒட்டியிருக்கும். இதே சாயலில் இன்னொரு இனமும் உண்டு. முன்சிறகின் நுனியில் சின்ன வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது கடம்ப மர இலை தின்னும் உறவுக்காரர்.

அரளியின் நஞ்சு இந்தப் புழுவை ஒன்றும் செய்வதில்லை. அதன் கொம்பு கொட்டாது, கடிக்கவும் தெரியாது. ஆகவே மருந்து தெளிக்க ஓடாதீர்கள். நந்தியாவட்டை மறுபடி துளிர்த்துவிடும். பிள்ளைகள் ஆசைப்பட்டால் இலையோடு எடுத்துக் காட்டுங்கள். அரளிப் பால் பட்ட கையை மட்டும் மறக்காமல் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.