மூளைக்கட்டியும் மூலிகைத் துணையும்



சவ்வாது மலையில் பச்சிலை அறிந்தோர் பலர் உளர். அவர்தம் அறிவை நான் எளிதாக எண்ணுவதில்லை. நம் முற்றத்து நித்தியகல்யாணியிலிருந்து பிரித்த வின்கிரிஸ்டின் 1963 முதல் புற்றுநோய் மருந்தாக வழங்குகிறது. சிறாரைத் தாக்கும் மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைக்கட்டிக்கும் அதனை நாளத்தில் ஏற்றுகின்றனர், மில்லிகிராம் அளவில். அச்செடியின் இலையைக் காய்ச்சிக் குடிப்பதோ நஞ்சு.

கிளியோபிளாஸ்டோமாவுக்கு அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலமைடு மூன்றும் சேர்ந்தும் பெரும்பாலோர்க்கு ஓரிரு ஆண்டே கிட்டுகிறது. குடும்பத்தார் மூலிகை தேடுவது இயல்பே. செருமனியில் மூளைக்கட்டி நோயாளர் 44 பேருக்குக் கதிர்வீச்சுடன், ஒரு சாரார்க்குச் சல்லகி என்னும் சாம்பிராணி மரத்துப் பிசினின் சத்தையும் மறுசாரார்க்கு வெற்று மருந்தையும் தந்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். மூளை வீக்கம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தோர், பிசின் உண்டோரில் 60 விழுக்காடு; உண்ணாதோரில் 26. கட்டியின் வளர்ச்சியை அது தள்ளிப்போடவில்லை. துணைமருந்து என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிந்த உரை ஏது? அவர்களுள் எவரும் பிசினை நம்பிக் கதிர்வீச்சை விடவில்லை என்பதையும் கருதுக.

ஜமுனாமரத்தூரிலிருந்து வேலூருக்கு இறங்குவோர், ஏச்சுக்கு அஞ்சித் தாம் அருந்தும் கசாயத்தை மருத்துவரிடம் மறைத்தல் வேண்டா. திரிகடுகத்தில் உள்ள மிளகும் திப்பிலியும், ஃபெனிட்டாயின் என்னும் வலிப்பு மருந்தைக் குருதியில் மிகுவிக்க வல்லவை. கசாயப் புட்டியையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.